விழுவதற்கு ஓர் இடம்

காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
பத்து மணிக்கு மேல் கணினி அறைக்கும் நானே பொறுப்பு.
ஹீயுமா தீவில் இப்படித்தான்:
ஓர் ஆளுக்கு இரண்டு வேலை,
ஒன்றரைச் சம்பளம்.

லேலோ முன் இருக்கையில் ஏறுவாள். எட்டு வயது.
வழியில் எத்தனை மின்கம்பம் என்று
செப்டம்பரிலேயே எண்ணி முடித்துவிட்டாள்.
அதன்பின் எண்ண எதுவும் இல்லாமல்
பனியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வகுப்பில் பதினொரு பிள்ளைகள், மூன்று வகுப்பும் ஒரே அறையில்.
அவள் கணக்கை முடித்து நிமிரும்போது
மற்றவர்கள் தேதி எழுதிக்கொண்டிருப்பார்கள்.
"கொஞ்சம் பொறு, லேலோ."
ஆசிரியை மாரிகா கெட்டவர் இல்லை.
மீதிப் பத்துப் பேருக்கும் அவரிடம் இருப்பது இரண்டே கை.
நடைகூடத்தில் விளக்கு மாற்றிய அன்று
ஏணிமேல் நின்று கேட்டேன்,
ஒரே காலையில் ஒன்பது 'பொறு'.

பொறுத்துப் பொறுத்து
பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள்.
வாரத்துக்கு ஒரு பென்சில்.
அதுகூடப் பரவாயில்லை.
டிசம்பரில் ஒரு நாள்
ஓர் எழுத்து பிழையாகிவிட்டது என்று
நோட்டின் பக்கத்தைக் கிழித்து
வாயில் போட்டு மென்றாள்.
அழவில்லை.
மென்றாள்.

பிறகு வந்தது அந்த இன்னொரு தீவு.
டார்ட்டு நகரத்தில் யாரோ செய்தது.
ஏழு சின்னப் பள்ளிகளுக்குப் பொது,
புதன்கிழமை ஒன்றரை மணி நேரம்.
திரைக்குள் பாறை, கடல், பலகை, கயிறு.
புவியீர்ப்பு உண்டு.
மணி இல்லை.
மதிப்பெண்ணும் இல்லை.
பிள்ளைகளுக்குச் சொன்னது ஒரே வரி:
எதிர்க்கரைக்குப் போங்கள்.

அங்கே லேலோ ஒரு சாம்பல் நரி.
வால் மட்டும் தேவைக்கு மேல் நீளம்.
பெய்ப்சி ஏரிக்கரைப் பள்ளியிலிருந்து ரூபென் என்றொரு பையன்,
அவன் கொக்கு.
ஏன் கயிறு நடுவில் அறுகிறது என்பதை
அவளுக்கு முன்னால் கண்டுபிடித்தவன்;
எழுதினால் வரிக்கு நாலு பிழை.
அவள் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.

முதல் பாலம் விழுந்தது.
எனக்கு அந்த நோட்டுப் பக்கம் ஞாபகம் வர,
தண்ணீர்க் குவளையோடு அவள் பின்னால் போய் நின்றேன்.
இரண்டாவதும் விழுந்தது,
நரியும் கொக்கும் பலகைகளும் ஒன்றாகக் கடலில்.
லேலோ சிரித்தாள்.
பேருந்தில் ஐந்து மாதமாக
நான் கேட்டிராத ஒரு சத்தம்,
தொண்டையிலிருந்து, கொஞ்சம் முரட்டுத்தனமாக.
தண்ணீரை நானே குடித்துவிட்டேன்.

மூன்று புதன்கிழமையில் நாற்பத்து மூன்று பாலம்.
பதிவை அச்சிட்டு வைத்திருக்கிறேன்:
10:52 விழுந்தது
10:55 விழுந்தது
10:56 விழுந்தது
மாவட்ட அலுவலகத்துப் படிவத்தில்
'மாணவி எட்டிய நிலை' என்று ஒரு கட்டம்.
மாரிகா அதன்மேல் பேனாவை நெடுநேரம் வைத்திருந்தார்.
மை ஊறியது.
'கடல்' என்று எழுதினார்.

பிப்ரவரிப் புயலில்
நாற்பத்து நான்காவது பாதியில் மின்சாரம் போயிற்று.
திரும்பும் வழியில் வண்டியில் யாரும் பேசவில்லை.
கடைசி நிறுத்தத்துக்கு முன்னால் லேலோ கேட்டாள்:
"ஒரு கொக்கு எவ்வளவு நேரம் பலகையைத் தாங்கும்?"
பொறு, பார்க்கலாம் என்று வாய்வரை வந்தது.
விழுங்கிக்கொண்டு
தெரியாது என்றேன்.

மறுநாள் விடியுமுன் வண்டியைச் சூடேற்றவிட்டு
கணினியைத் திறந்தேன்.
கொக்கு அங்கேயே நின்றது,
அலகில் பலகை, கால் தண்ணீரில்.
பையன் வெளியேறாமலே வீட்டுக்குப் போயிருக்கிறான்.
போகுமுன் அடித்த வரி கீழே:
'பலகய விடல. நி வா.'

அன்று வியாழன்.
முறைப்படி அது எங்கள் நாள் இல்லை.
மாரிகாவிடம் போய்ச் சொன்னேன்;
அவர் டார்ட்டுவுக்கு ஒரு தடவை,
ஏரிக்கரைக்கு ஒரு தடவை பேசினார்.
கணக்கு வேளையில்
லேலோ பென்சிலை மேசையில் வைத்துவிட்டு
என் அறைக்கு நடந்து வந்தாள்.

நாற்பத்து நான்காவதும் விழுந்தது,
கொக்கோடு சேர்த்து.