மேல்நோக்கி மட்டும்

சாவிக்கொத்து என் பொறுப்பு.
இருநூற்றுப் பதினாறு கிடங்குகள்,
மண்மூடிப் புல்முளைத்து, பிளாட் ஆற்றுக்குத் தெற்கே
சினைமாடுகள் மாதிரி வரிசையாய்ப் படுத்திருக்கின்றன.

வாடகைக்கு வருகிறவர்களிடம் முதலில் கூரையைக் காட்டுவேன்.
சுவர் தடிமன், கூரை மெலிசு.
வெடித்தால் பக்கத்துக் கிடங்கு பிழைக்கட்டும்,
போவது வானத்துக்குப் போகட்டும் என்று
நாற்பத்திரண்டில் எவனோ கணக்குப் போட்டிருக்கிறான்.
உள்ளே நிற்பவர்களை எந்தப் பத்தியில் எழுதினானோ.

ஏழில் வைக்கோல். பதினொன்றில் கல்யாணக் கூடாரங்கள்.
நாற்பதில் மூன்று பையன்கள் டிரம்ஸ் அடிக்கிறார்கள்;
யாரும் புகார் சொன்னதில்லை, சொல்ல யாருமில்லை.
எண்பத்தொன்றில் ஒரு பல்டாக்டரின் மனைவி
செத்துப்போன கணவரின் சாய்வு நாற்காலியை வைத்திருக்கிறாள்.
வாடகை மாதம் தவறாது. வந்து பார்த்ததில்லை.

குண்டு நிரப்பிய கூடம் தனி.
தீப்பொறி எழக்கூடாதென்று
ஓர் ஆணித்தலை தெரியாமல் இழைத்த தரை.
இப்போது ஸ்கேட்டிங். சனிக்கிழமைகளில் பிறந்தநாள் கேக்.
அங்கே வேலைபார்த்த பெண்களுக்கு
முதலில் நகம் மஞ்சளாகுமாம், அப்புறம் தலைமயிர்.
சினிமாக் கொட்டகையில் கடைசி வரிசை அவர்களுக்கு,
இருக்கையில் சாயம் ஒட்டுமென்று.

பழைய வருகைப் பதிவேடு என் மேசையில்தான் கிடக்கிறது.
லுட்மிலா வோண்ட்ரா, மார்ச் ஒன்பது வரை.
பத்தாம் தேதிக் கட்டம் காலி.
பதினொன்றில் வேறு கையெழுத்து, வேறு பெயர்,
அதே எண்.

கிணற்றுத் தண்ணீர் மட்டும் குடிக்கக் கூடாது.
பத்திரத்தில் நாலாம் பக்கம், பொடி எழுத்து.
வாய்விட்டும் சொல்லிவிடுவேன்.

போன வாரம் ஓமஹாவிலிருந்து கட்லுவாக் வந்தார்,
தெற்கு சூடான்காரர். அவர்கள் தேவாலயத்துக்கு
நூற்றிருபது மடக்கு நாற்காலிகள், வைக்க இடமில்லை.
வழக்கமான கூரைக் கதையைச் சொன்னேன்.
அவர் அண்ணாந்து வெகுநேரம் நின்றார்.
"மேலேயிருந்து வந்தால்
இது தாங்காது" என்றார்.

பதினாறு வருஷமாக இந்தக் கூரையைக் காட்டுகிறேன்.
இதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை,
நானும்தான்.

வாடகையைக் குறைத்துக் கொடுத்தேன், காரணம் சொல்லாமல்.
கையெழுத்திட்டார்.
கதவருகே சுவரைத் தடவிக்கொண்டே
விளக்கு சுவிட்ச் எங்கே என்றார்.

வெளியே.
இங்கே எல்லாவற்றுக்கும்
சுவிட்ச் வெளியேதான்.