கோணல் லேபிள்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு பாட்டில்
என் கட்டைவிரல் வழியாகப் போகும்.
பழுப்புக் கண்ணாடி, பத்து மில்லி,
உள்ளே சொட்டு விழும் ஒரு சின்ன மூக்கு.
லாவண்டர், டீ ட்ரீ, யூகலிப்டஸ்.
மூன்றில் கடைசி மரத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்,
தும்கூர் ரோட்டில், பஸ் ஜன்னலில்.

லேபிள் கோணினால் பாட்டில் ரிஜெக்ட்.
மாதக் கடைசியில் ரிஜெக்ட் எல்லாம்
கால் விலைக்கு எங்களுக்கே வரும்.
அப்படித்தான் என் வீட்டு அலமாரியில்
மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே
தலைகீழாய் ஒட்டிய ஒரு லாவண்டர் வயல்.
ஊதாப் பூவெல்லாம் வானத்தைப் பிடித்துத் தொங்குகிறது.

சேர்ந்த முதல் வாரமே
சூப்பர்வைசர் புட்டசாமியிடம் கேட்டேன்:
மைனர் கட்ஸ், மைனர் பர்ன்ஸ் என்று போட்டிருக்கிறதே,
அதென்ன சார் மைனர்?
எங்கள் ஆம்பூர்ப் பக்கம் மைனர் என்றால்
மேல் பட்டனைத் திறந்துவிட்டு
செயின் தெரிய நடப்பவன்.
அவர் சிரித்து முடித்துச் சொன்னார்:
"சின்னது. டாக்டர் வரைக்கும் போகாதது."

அந்த அளவில் எனக்கு நிறைய உண்டு.
அட்டைப்பெட்டி விளிம்பு கிழித்த விரல்,
அப்பளம் பொரிக்கையில் தெறித்தது,
இளம்பரிதி சைக்கிளோடு விழுந்து சிராய்த்த முட்டி.
எதற்கும் முதலில் தண்ணீர்.
பிறகு ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயில் இரண்டே சொட்டு.
ஒருமுறை அவசரத்தில் கலக்காமல் அப்படியே வைத்தேன்.
வெட்டு ஆறிவிட்டது,
சுற்றியிருந்த நல்ல தோல்
நாலு நாள் சிவந்து அரித்தது.
இவ்வளவு வாசனைக்குள் அவ்வளவு கோபம்.

நேற்று இரவு பத்தரை இருக்கும்.
பக்கத்துப் போர்ஷன் நாகவேணி.
"அக்கா, அந்த வாசனை எண்ணெய் கொஞ்சம்.
குக்கர் ஆவி அடிச்சிட்டுது."
முந்தானையை மேல்கையில் அழுத்திப் பிடித்திருந்தாள்.
நான் மூடியைத் திருகினேன்.
ஒரு சொட்டு. இரண்டு.
"காட்டு."

ஆவிக்கு
நேர்க்கோடு போடத் தெரியாது.
இதில் இரண்டு கோடு, சேருமிடத்தில் ஒரு முனை.
இஸ்திரிப் பெட்டியின் மூக்கு.
நடுவில் தோல் வெள்ளையாய் இருந்தது.
அங்கே வலியே இல்லை என்றாள்.
அதுதான் எனக்குப் பயம்.

"என்னடி ஆச்சு?"
"ஏனு இல்ல அக்கா."
ஒன்றுமில்லை என்று அர்த்தம்.
என் தமிழ்க் காதில்
ஏன் என்பதே கிடையாது என்று விழுந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம் டிவியில் மேட்ச்.
யாரோ அவுட்டானதற்கு
அவள் புருஷன் உரக்கச் சிரித்தான்.
அவனுக்கும் மேல் பட்டன் நிற்காது.

ஸ்பூனை சிங்க்கில் கவிழ்த்தேன்.
குழாயைத் திறந்தால் காற்று.
டிரம்மில் மொண்டு சொம்பு சொம்பாய் ஊற்றினேன்,
மறுநாள் குளிக்க வைத்திருந்த தண்ணீர்,
அடி தெரியும்வரை.
துவைத்த வேட்டித் துணியை மேலே லேசாகப் போர்த்தி
ஆட்டோ பிடித்தோம்.
ஸ்ரீராம்புரத்திலிருந்து கே.சி. ஜெனரல்,
இரவு ரேட், ஒன்றரை மடங்கு.

சீட்டு எழுதுகிறவர் நிமிராமல் கேட்டார்:
"எப்படிச் சுட்டது?"
நான் ஃபேனைப் பார்த்தேன். அது ஓடவில்லை.
நாகவேணி நேரம் எடுத்துக்கொண்டாள்.
என் விரலில் ஒட்டியிருந்த லாவண்டர்
அதற்குள் அவர் மேஜைவரை போய்விட்டது,
அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.
பிறகு அவள்
ஒரு பெயரை மட்டும் சொன்னாள்.
பேனா நின்றது.

காலை ஷிஃப்டில் கண் சொக்கியது.
முந்நூறு பாட்டில் தாண்டியிருக்கும்.
மைனர் என்ற சொல்லின் மேல்
கட்டைவிரல் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டது.
லேபிள் வழுக்கிக் கோணியது.
"ரிஜெக்ட்" என்றார் புட்டசாமி.
ஆமாம் சார் என்று ஓரமாய் எடுத்து வைத்தேன்.
இளம்பரிதிக்கு முட்டி இன்னும் ஆறவில்லை.