ஞாயிறு, காலை பத்தே கால்

ஆலையில் கொதிகலன் கீறல் விட்டதால்
எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

எடைமேடையில் லாரி இல்லை.
செம்பனைக் குலைகள் மரத்தடியிலேயே கிடக்கட்டும் என்று
மேனேஜர் சொல்லவில்லை,
நானாகச் சொல்லிக்கொண்டேன்.

கண் விழித்தால் தவமலரின் படங்கள்.
பெர்லினில் ஏதோ ஏரிக்கரை.
புல்லில் ஊரே மல்லாந்து கிடக்கிறது.
வங்கிக்காரர் மாதிரி ஒருவர்
சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்திருக்கிறார்.
சைக்கிள்களும் படுத்துத்தான் இருக்கின்றன.
‘ராத்திரி ஒன்பதரைடி, இன்னும் இருட்டவில்லை பார்.’

அவள் அதை எழுதியபோது இங்கே மூன்றரை,
நாய்கூடக் குரைக்காத நேரம்.
சுங்காயில் வானம்
வருஷம் முழுக்க ஏழரைக்குக் கடையைக் கட்டிவிடும்,
யாரையும் கேட்காது.

எட்டு மாதம் காத்திருக்கிறார்களாம் வெயிலுக்கு.
வந்தவுடன் வேலையைப் போட்டுவிட்டு ஓடி
அதன் கீழே விழுந்துகொள்கிறார்களாம்.
எங்களுக்கு ஞாயிறு தினமும் வரும்.
ஞாயிற்றுக்கிழமைதான்
ஓவர்டைம் தாளில் மாட்டிக்கொள்ளும்.

எனக்கென்ன குறை என்று கிளம்பினேன்.
மெங்குவாங் பாய் ஒன்று,
பாசார் மாலத்தில் பத்து வெள்ளிக்கு வாங்கிய கறுப்புக் கண்ணாடி,
முடிச்சுப் போட்ட ஐஸ் மைலோ.
மோட்டாரைக் கோல் கம்பத்தில் சாய்த்துவிட்டு
திடலின் நட்டநடுவில் பாயை விரித்தேன்.
படுத்தேன்.

முதல் நிமிடம் நன்றாக இருந்தது.
நேற்றுப் பெய்த மழை
பாய்க்கு அடியில் இன்னும் ஈரமாக இருந்தது.
கண்ணாடிக்குள் ஒரு பழுப்பு வானம்,
அதில் நான் எழுத வேண்டிய எடை எதுவும் இல்லை.

இரண்டாம் நிமிடம் ஒரு மோட்டார் நின்றது.
இரும்புக்கடை லிம் அங்கிள்.
‘அமோய்! பெங்சான் கா?’
மயக்கமெல்லாம் இல்லை அங்கிள், சும்மா படுத்திருக்கிறேன்.
‘வெயில்லயா?’
வெயிலுக்குத்தான்.
அவர் அண்ணாந்து பார்த்தார்,
அங்கே புதிதாக ஏதாவது மாட்டியிருக்கிறார்களா என்று.

புல் வெட்டும் ரஃபிகுல் இயந்திரத்தை அணைத்தான்.
கோயிலுக்குப் போன கார் ஒன்று பின்னால் வந்து எட்டிப் பார்த்தது.
யாரோ என் செருப்பை எடுத்து
காலுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார்கள்,
அதுதான் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பதினோராம் நிமிடம் அம்மா போனில்:
‘திடலில் விழுந்து கிடக்கிறாயாமே?’

வந்தாள். திட்டிக்கொண்டே வந்தாள்.
கறுத்துப் போவாய், கட்டெறும்பு இருக்கும்,
மனுஷி செய்கிற வேலையா இது என்று
குடையை விரித்து
பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.
லிம் அங்கிள் இளநீரோடு திரும்பி வந்து
இன்னொரு ஓரத்தில் குந்தினார்.
ரஃபிகுல் பாயில் உட்காரவில்லை,
தான் வெட்டிய புல்லில் நீட்டிப் படுத்தான்.
எங்கள் எல்லோரையும்விட
அவனுக்குத்தான் அது சரியாக வந்தது.
உடனே தூங்கியும் போனான்.

படம் எடுத்து அனுப்பினேன்.
அங்கே ஐந்துகூட ஆகியிருக்காது,
தவமலர் விழித்திருந்தாள்.
‘இங்கே அதற்குள் விடிந்துவிட்டது, தூக்கமே வரமாட்டேன் என்கிறது.
அம்மா ஏன் முறைக்கிறார்கள்?’
முறைக்கவில்லை.
வெயில் கண்ணில் அடிக்கிறது என்று எழுதினேன்.
அதற்குள் கட்டெறும்பு
அம்மா சொன்னதை நிரூபித்துவிட்டது.

திங்கள் காலை கொதிகலன் சீராகிவிட்டது.
முதல் லாரி, பதினொன்றே கால் டன்.
மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்த என்னை
டிரைவர் முனியப்பன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தான்.
‘லீவுக்கு எங்கேயோ போய் வந்தீங்க போல?’

ஆமாம் என்றேன்.
சுங்காய்க்கு.