வீசுதல்

டோங்காட்டில் வெள்ளி இரவு.
பிரெகாசன் மூட்லியின் கார் கொட்டகை.
ஆலைப் பக்கம் கரும்புத் தோகைக்குத் தீ வைத்திருக்கிறார்கள்.
கரித்துகள் வந்து வரைபடத்தில் இறங்குகிறது,
நான் வரையாத பறவைகளாக.

எங்கள் மேசைக்கு ஒரு நிபந்தனை:
ஆட்டம் முடியும்வரை தமிழ் மட்டும்.
ஞாயிறு வகுப்பில் வாங்கிய வினைச்சொற்கள்
துருப்பிடிக்கக் கூடாதல்லவா.
ல்வாண்டிலேகூட
பகடை, காயம், செத்தேன் வரை வந்துவிட்டான்.

அக்கரையில் பூதம்.
இடையே இருபத்தைந்து அடி ஆறு.
யுகேஷ்னி சொன்னாள்:
"வாளை வீசுகிறேன்."

நான் நடுவர்.
குறித்துக்கொண்டேன்.
வாள் அவள் கையை விட்டுப் போயிற்று.

"ஐயோ, சுழற்றத்தானே சொன்னேன்!
காற்றில். சும்மா மிரட்ட."

வலையை வீசினால் கை காலி.
விசிறியை வீசினால் விசிறி கையில்.
வாள் இதில் எந்தப் பக்கம்?
அகராதி வீட்டில் இருந்தது, விதிநூல் மேசையில்.
இருந்ததைப் புரட்டினேன்.

எறியவென்றே செய்தவை சில:
ஈட்டி, கைக்கோடரி, குத்துவாள்.
இருபது அடிவரை நேராகப் போகும்.
அதைத் தாண்டினால்
இரண்டு முறை உருட்டிக் கெட்டதை எடுத்துக்கொள்.
கோடரி பறக்கும்போதும் கைச்சண்டை ஆயுதமே,
கண்ணை அல்ல, தோளைத்தான் கணக்கில் கூட்டவேண்டும்.
வாள் அந்த வரிசையில் இல்லை.
எறிந்த கணமே வாளாக இருப்பதை அது நிறுத்திவிடுகிறது.
நாற்காலி, சட்டி, செருப்பு
இவற்றோடு போய் உட்கார்ந்துகொள்கிறது.
எட்டு முகப் பகடையை உள்ளே வை.
நான்கு முகத்தை எடு.

"கூர் அப்படியேதானே இருக்கிறது?"
"எந்த முனை முதலில் போய்ச் சேரும், யார் கண்டது?"

ல்வாண்டிலே நிபந்தனையை மறந்து ஜுலுவில் சிரித்தான்.
இது எங்களூர்ப் பழைய வழக்கு என்றான்.
நெட்டை ஈட்டி எறிய, குட்டை ஈட்டி குத்த.
குட்டையை எறிந்துவிட்டு
வெறுங்கையோடு வந்தவனுக்கு வரிசையில் இடமில்லையாம்.
பள்ளியில் படித்ததோ, அப்போதே கட்டியதோ,
கேட்பதற்குள் மின்சாரம் போயிற்று.

பிரெகாசன் கரும்பு வெட்டும் கத்தியோடு வந்தான்.
பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்தோம்.
பக்கத்து வீட்டு நாயை உள்ளே அழைக்கச் சொன்னோம்.
கைப்பேசி வெளிச்சம் இரண்டு.
இருபத்தைந்து அடியை என் செருப்பால் அளந்தோம்.
பத்து எறி.
ஏழு முறை பிடி போய் மோதியது.
இரண்டு முறை தட்டையாக, கன்னத்தில் அறைவதுபோல.
ஒரே ஒரு முறை முனை இறங்கியது,
அதுவும் மெத்தையில் இல்லை,
மிளகாய்ச் செடி வைத்த பிளாஸ்டிக் வாளியில்.

"நான்கு முகம்" என்றாள் யுகேஷ்னி
கத்தியைப் பிடுங்கிக்கொண்டே.

விளக்கு வந்ததும்
கூடுதல் ஐந்து அடிக்காக இரண்டு முறை உருட்டினாள்.
கெட்டதே பட்டது.
காயம் மூன்று.
பூதம் நெற்றியைத் தடவிக்கொண்டது.
வாள் ஆற்றோடு போயிற்று.

சுழற்றியதாகவே வைத்துக்கொள்வோம் என்று
நான் சொல்லியிருக்கலாம்.
பென்சிலால் எழுதியதுதான், அழிப்பான் பக்கத்தில்.
வாரம் முழுக்க மருந்துக்கடையில்
மாத்திரை எண்ணும்போதெல்லாம்
மூன்றில் வந்து நின்றேன்.

அடுத்த வெள்ளி தன் தாளை நீட்டினாள்.
ஆயுதம் என்ற கட்டத்தில் வாளை அடித்துவிட்டு
கீழே எழுதியிருந்தாள்:
கூழாங்கல், பதினொன்று.
"ஆற்றங்கரையில்தானே நிற்கிறேன்."

பூதம் தண்ணீரில் கால் வைத்தது.
அவள் மூச்சை இழுத்துப் பிடித்து,
இந்த முறை வினையில் சந்தேகமே வரக்கூடாதென்று
எழுத்தெழுத்தாக,
"எறிகிறேன்" என்றாள்.

தோகைக் கரி ஒன்று
பகடை உருளும் வழியில் இறங்கியது.

"எந்த ர?" என்றான் ல்வாண்டிலே.