தூசிக் கணக்கு

புரட்டாதிச் சனி.
வறுத்தலைவிளானில் கண்ணிவெடி வேலை முடிந்து
முழங்கால் மண்ணைத் தட்டாமலே வந்தேன்.
கோயில் வீதியில் எள்ளுப் பொட்டலம் எரியும் மணம்.
தேர்முட்டிக்குப் பின்னால், வெளிச்சம் படாத மூலையில்,
மின்சார சபையில் மீற்றர் வாசிக்கிற சொரூபன்
தொலைநோக்கியை நிறுத்தியிருந்தான்.
சனீஸ்வரனுக்கு எண்ணெய் எரித்துவிட்டு
அவரையே பார்க்க வரிசையில் நின்றார்கள்.
இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள்.

என் முறை.
ஊசி கோத்த தேசிக்காய்.
அவ்வளவுதான். இந்த வருடம் வளையம்
விளிம்பைக் காட்டி நிற்கிறதாம்.

"அது தட்டில்லை அக்கா, முழுக்கத் துண்டுகள்.
பனிக்கட்டி. வீடளவும் இருக்கு, உப்புக்கல் அளவும் இருக்கு."

துண்டுகள் என்றதும்
கண்ணை எடுக்க மனமில்லை.
பதினொரு வருடமாய்த் துண்டுகளிலிருந்துதான்
நான் எதையும் அறிகிறேன்:
சிதறல் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் கூட,
நடுவில் இருந்தது என்ன.

"என்ன உடைஞ்சது?"

ஒரு நிலவு என்றான். கிட்டப் போன நிலவு.
ஓர் எல்லை இருக்கிறதாம். அதற்குள்
கோள் கிட்டின பக்கத்தைக் கூடவும்
எட்டின பக்கத்தைக் குறையவும் இழுக்க,
தன்னைத் தானே பிடித்திருக்க ஏலாமல் பிரிந்துபோகும்.
வெடிக்கவில்லை. சத்தமில்லை.
இதை மட்டும் இரண்டுதரம் கேட்டேன்.

கோள்கள் பிறந்த புதிதில், வாயுப் புகாருக்குள்
பெரிய நிலவொன்று சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கியிருக்கலாம்.
மேற்பனி உரிந்து வளையமாக,
நடுக்கல்லைச் சனி விழுங்கியிருக்கலாம்.
அந்தக் காலத்துக்குச் சாட்சி பனி மட்டும்.

"ஆனா அதிலை சண்டை இருக்கு."
பனி இன்னும் வெள்ளை. தூசி காணாது.
நானூற்றைம்பது கோடி வருடம் கிடந்திருந்தால் கறுத்திருக்கும்,
ஆகவே நேற்றைய வளையம் என்பார் சிலர்.
நேற்று என்றால் பத்து, நாற்பது கோடி.

எனக்குச் சிரிப்பு வந்தது.
மாரிக்குப் பிறகு செம்மண்ணுக்கு மேலே வந்து கிடக்கும்
பச்சை மூடியைக் கண்டிருக்கிறேன்,
நேற்றுக் கடையில் வாங்கினது போல.
வைத்தவன் கிழவனாகியிருப்பான், அல்லது இல்லாமலே.
மழை கழுவினதை வைத்து நாங்கள் வயது சொல்வதில்லை.

"துப்புரவு வேறை, புதிசு வேறை தம்பி."

கொஞ்சம் பேசாமல் நின்றான்.
"அப்பிடியும் சொல்லினம். தூசி வந்து மோதி
ஆவியாய்ப் போகுது, ஒட்டுறேல்லை எண்டு."
பின்னால் நின்றவர் செருமினார்.

நகர முன் இன்னொன்று சொன்னான்:
எல்லைக்கு வெளியே வழியும் துண்டுகள்
ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றனவாம்.
குட்டி நிலவுகள். சில உருண்டையே இல்லை,
விளிம்பு வைத்த கொழுக்கட்டை மாதிரி.

திங்கள், காலை ஆறரை.
சிவப்புத் தடிகளுக்கு நடுவே ஒரு மீற்றர் அகலம்.
கருவி முனகியது. தூரிகை எடுத்தேன்.
பதின்மூன்று சென்ரிமீற்றரில்
வளைந்த தகடு, ஓரம் பளபளவென்று.
சட்டியோ, வேறேதோ.
படிவத்தில் எழுதினேன்: உலோகத் துண்டு, ஒன்று.
வயதுக்கு அதில் இடமில்லை.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
முழங்காலை முன்னே நகர்த்தினேன்.