எட்டாம் கூடு

முழுப்பெயர்: இராசநாயகம் தெய்வேந்திரன்.
தொழில்: மேசன்.
ஏழாம் கூடு வரை பேனை ஓடியது.
எட்டாவதில் நின்றது:
'முன்னர் கட்டிய மலக்குழிகள்.
உரிமையாளர் கடிதம், குறைந்தது பன்னிரண்டு.'

இனிமேல் சான்றிதழ் இல்லாதவன்
குழிக்குள் கரண்டி வைக்கக் கூடாதாம்.
நகரசபை மதிலில் ஒட்டியிருந்தார்கள்.
மான் தின்று விட்ட மீதியைத்தான் படித்தேன்;
கடைசித் திகதியை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இருபத்தொரு வருசம்.
உப்புவெளி, சாம்பல்தீவு, பாலையூற்று,
சுனாமிக்குப் பிறகு அலஸ்தோட்டத்தில்
ஒரே மாதத்தில் ஒன்பது.
சுவர் எழுப்பியவனைக் கலியாணத்துக்கு அழைப்பார்கள்.
ஓடு போட்டவனுக்கு வேட்டி கொடுப்பார்கள்.
குழி கட்டினவனை
மூடி வைத்த அன்றே மறப்பார்கள்.
மறக்கும்படி கட்டுவதுதான் தொழில்.
அதற்கு இப்போது சாட்சி கேட்கிறார்கள்.

உவர்மலையில் ஓய்வுபெற்ற தபாலதிபர்
"எங்கட வளவில அப்படி ஒன்று இருக்கா?" என்றார்.
அவர் நின்றதே அதன் மூடிமேல்.
நிலாவெளி விடுதியில்
முதலாளி மாறி, வாங்கியவரும் விற்றுப் போய்,
யாரோ ஒரு பிள்ளை தேத்தண்ணி தந்தது.
கையெழுத்துத்தான் யாருடையது என்று தெரியவில்லை.
திருக்கடலூரில் யோகநாதன் அண்ணர்
வலையிலிருந்து கண்ணெடுக்காமல்
"எங்க போட வேணும், காட்டு" என்றார்.
அந்தக் கடிதத்தில் இன்னும் சூடை மணக்கிறது.

பதினொன்று.

பன்னிரண்டாவதுக்குக் கிண்ணியாப் பாலம் கடந்தேன்.
றிஸ்மினா ராத்தாவின் வீடு.
வெறும் மணல். மாரியில்
மூன்று முழம் தோண்டினால்
தண்ணீர் எட்டிப் பார்க்கும்.
படிவத்தை நின்றபடியே வாசித்தார்.
உள்ளே போய்
கிணற்றுத் தண்ணீர் ஒரு கோப்பை கொண்டுவந்தார்.
"முதல்ல இதக் குடிங்க மேசன்.
நாங்க ரெண்டு வருசமா போத்தல் தண்ணி."

நிறம் இல்லை. மணமும் இல்லை.
உதடு வரை கொண்டுபோய்
கீழே வைத்தேன்.

அளவு நாடாவை விரித்தேன்.
குழி விளிம்பிலிருந்து கிணற்றுக் கட்டு வரை
முப்பத்தெட்டு அடி.
ஐம்பது விட வேண்டும்.
இது வகுப்பில் படித்ததில்லை, அன்றும் தெரியும்.
அன்று அவருடைய கணவர்
வாகனம் திருப்ப இடம் கேட்டார்.
எனக்குப் பின்னேரம் சீனக்குடாவில் வேறு வேலை.
பன்னிரண்டு அடி:
ஒரு ஓட்டோ நிற்கும், பக்கத்தில் ஒரு சைக்கிள் சாயும்.
அவ்வளவுதானே என்றேன்.
மணலும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

"எழுதித் தாறன்," என்றார் ராத்தா.
"ஆனா உள்ளதைத்தான் எழுதுவன்."
மகளின் கொப்பியில் ஒரு தாள் கிழித்து
எழுதினார்:
'இவர் கட்டிய குழி வெடிக்கவில்லை.
நிரம்பவும் இல்லை.
கிணறு மட்டும் போய்விட்டது.'

கடிதங்களின் அடியில் அதை வைத்தேன்.
வெளியே எடுத்தேன்.
பஸ்ஸில் மறுபடி வைத்தேன்.

யன்னலுக்கு அந்தப் பக்கம் திருமதி விநோதரூபி
விரலை ஈரத்தில் தொட்டு எண்ணினார்.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு.
"சரி."
முத்திரை விழுந்தது.
எண்ணினார்; ஒன்றையும் வாசிக்கவில்லை.

செய்முறைப் பரீட்சை வருகிற மாதம்.
ஒரு முழக் குழி, ஒரு வாளி தண்ணீர்.
ஓர் அங்குலம் இறங்க
எத்தனை நிமிடம் என்று
கடிகாரத்தோடு குந்தியிருக்க வேண்டும்.
கிண்ணியா மணலுக்கு ஒரு நிமிடமும் வேண்டாம்.
அது குடிக்கும் வேகத்தில்
யாரும் குடிக்க மாட்டார்கள்.

அதற்கு முந்திய சனி, ஞாயிறு
பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை.
பழைய குழியை இறைத்து, மண் போட்டு மூடி,
முன்பக்கம் புதிதாக ஒன்று.
கிணற்றுக்கு ஐம்பத்து மூன்று அடி,
இரண்டு தரம் அளந்தாயிற்று.
கூலி இல்லை.
படிவத்தில் இதற்குக் கூடும் இல்லை.

வாகனத்தை ரோட்டில் விடச் சொல்லியிருக்கிறேன்.