பென்சிலால் ஒரு சரி

தரம் நான்கில் முப்பத்தொரு பேர்.
வரப்போவது பத்தொன்பது பொதி.
அதிபர் படிவத்தை நீட்டினார்:
"வெள்ளிக்கு முதல் பெயரைத் தாங்கோ ரீச்சர்.
மிகவும் வறியவர் மட்டும்."
மிகவும் என்ற சொல்லின் கீழே
யாரோ கோடு இழுத்திருந்தார்கள்,
அடிமட்டம் வைத்து.

முத்தையன்கட்டு வாய்க்காலில்
அந்தக் கிழமைதான் தண்ணீர் திறந்தார்கள்.
பின்வாங்கில் இரண்டு பேர் வரவில்லை.
மற்றவர்களின் கொப்பிகள் என் மேசையில்,
சேறு பட்டதும் படாததுமாக.

லக்சாயினியின் கணக்குக் கொப்பியைத் திறந்தேன்.
வெறும் பக்கம்.
வெறும் பக்கத்தில் ஐந்து சரி, ஒரு பிழை,
ஓரத்தில் 'கவனம்' என்று
என் கையெழுத்து, சிவப்பில்.
நான் எதைத் திருத்தினேன்?

யன்னலுக்கு நேரே பிடித்தேன்.
வெங்காயத் தோலாய் மெலிந்த தாள்.
போன தவணையின் கழித்தல்கள்
தடமாக மட்டும் கிடந்தன,
கடன் வாங்கிய ஒன்றுகள்கூட.

கூப்பிட்டேன். வந்து நின்று
மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.
"அழிச்சுப்போட்டுத் திருப்பி எழுதுறனான், ரீச்சர்.
உங்கட சிவப்புத்தான் அழியுதில்லை."
நான் ஏசவில்லை என்று கண்ட பிறகு:
"இனிப் பென்சிலாலை சரி போடுவீங்களோ?"

அம்மா விதைக் கச்சான் உடைக்கிறாள்.
சந்திக் கடையில் ஒரு கொப்பி என்றால்
நாலு கிலோ உடைக்க வேணும் என்றாள் பிள்ளை.
ரூபாயில் சொல்லவில்லை.

இரவு படிவத்தோடு இருந்தேன்.
மாத வருமானம் என்று ஒரு பெட்டி.
எந்த மாதம் என்று கேட்கவில்லை.
யதுகரனின் தகப்பனுக்கு மோட்டார் சைக்கிள்;
தவணைப் பணம் கட்டவில்லையென்று
கொம்பனிக்காரர் ஏற்றிக்கொண்டு போன பிறகும்
பதிவேட்டில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.
அவனை எழுதினேன்.
சுவேந்தினியை அழித்தேன்.
அவளைத் திருப்பி எழுதி
இன்னொருத்தியை அழித்தேன்.
பதினொரு மணிக்கு அழிறப்பர் தூள்
சோற்றுக் கோப்பைக்குள்ளும் கிடந்தது.
விளக்குக்கு நேரே பிடித்தால்
முப்பத்தொரு பெயரும் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை வாகனம் வந்தது.
பத்தொன்பது பேர் பொதியோடு வரிசையில்.
பன்னிரண்டு பேர் படம் பிடிப்பவருக்குப் பின்னால்.
"இஞ்ச பாருங்கோ, சிரியுங்கோ" என்றார் அவர்.
பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.
அதற்குத்தான் நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

வாகனம் வாய்க்கால் பாலம் தாண்டியதும்
அதிபர் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.
"படம் எடுத்தாச்சு," என்றார்,
முற்றத்தைப் பார்த்துக்கொண்டு.
பிறகு போய்விட்டார்.
நான் கதவைச் சாத்தினேன்.

நூற்றுப் பதின்னான்கு கொப்பி.
ஆளுக்கு மூன்று போக மிச்சம் இருபத்தொன்று
அலுமாரிக்குள், முடிந்தவர் கேட்க.
அடிமட்டத்தைப் பிரிக்க முடியாது,
வாங்குக்கு ஒன்று.
நிறப் பென்சிலில் சண்டை வந்தது.
ஒரு நீலத்துக்காக இரண்டு பேர் அழுதார்கள்;
அவர்கள் சண்டை போடும் அளவுக்கு
அந்த அறையில் ஏதோ ஒன்று இருந்தது.
தன் பொதி பிரிந்ததற்கு
மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை ஒருவன்.
அவன் சொன்னதும் நியாயம்:
"என்ர பேரைத்தானே ரீச்சர் எழுதினது?"

லக்சாயினி மூன்றையும் மணந்து பார்த்தாள்.
பையின் அடியில் வைத்தாள்.
பழையதை எடுத்து விரித்தாள்:
"இது இன்னும் ஒரு தவணைக்குக் காணும்."

சிவப்புப் பேனை எங்கே என்று
ஆசிரிய ஆலோசகர் கேட்கத்தான் போகிறார்.
இன்னும் ஒரு பதில் யோசிக்கவில்லை.
இப்போதைக்குப் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.
சரி போடும்போது
கையை அமர்த்தக் கூடாது.
அமர்த்தினால்
அடுத்த பக்கத்திலும் விழும்.